கிர் காட்டில் சில நாட்கள்: பெருகிய சிங்கங்களும் பெருகாத காடும்

வெள்ளிக்கிழமை, ஜூனாகத்

ஆமதாபாத்தில் ஏறிய இரவு ரயில் பொழுது விடியும் முன்பே எங்களை ஜூனாகத்தில் இறக்கிவிட்டது. துணைக்கு மாமா வந்திருக்கிறார். ராஜ்கோட்டில் வங்கி வேலையில் பல காலம் இருந்தவர் என்பதால் குஜராத்தி அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. எனக்கு இந்தியே தட்டுத் தடுமாறித்தான் வரும். நேராகக் கிர் காட்டுக்குப் போய்விடலாம் என்று சொன்னேன். "சிங்கம் எங்கேயும் ஓடிவிடாது மாப்பிள்ளை, அதைப் பிழைக்க வைத்த ஊரை முதலில் பார்ப்போம்" என்று ஆட்டோவைக் கிர்நார் மலைப் பக்கம் திருப்பச் சொல்லிவிட்டார்.

மலை அடிவாரத்துக்குப் போகும் சாலையோரத்தில் ஒரு சிறிய கட்டடத்துக்குள் அசோகர் பாறை இருக்கிறது. அசோகரின் பதினான்கு ஆணைகளும் அதில் வெட்டப்பட்டிருக்கின்றன. அதே கல்லில் கி.பி. 150ஐ ஒட்டி ருத்ரதாமன் வெட்டுவித்த சாசனமும், ஸ்கந்தகுப்தன் காலத்துச் சாசனமும் உண்டு. இடத்தை வீணாக்காத மன்னர்கள். தமிழர்கள் இங்கே நின்று பார்க்க வேண்டியது இரண்டாம் ஆணை. மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவ வசதி செய்து வைத்திருப்பதாகச் சொல்லும் அசோகர், அந்த வசதி தன் எல்லைக்கு அப்பாலும் போய்ச் சேர்ந்திருப்பதாகச் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் நாடுகளைக் குறிப்பிடுகிறார். முதல் ஆணை அரண்மனை மடைப்பள்ளியைப் பற்றியது. முன்பெல்லாம் தினமும் ஆயிரக்கணக்கான உயிர்கள் கொல்லப்பட்டன, இப்போது இரண்டு மயிலும் ஒரு மானும்தான், மானும் எல்லா நாளும் இல்லை, இனி அவையும் கொல்லப்படமாட்டா என்கிறது. பிராமி எழுத்துகளின் மேல் விரலை ஓட்டப் போன மாமாவைக் காவலாளி தடுத்தார். தடுத்தது சரிதான்.

மத்தியானம் சக்கர்பாக் உயிரியல் பூங்கா. 1863இல் நவாப் காலத்தில் தொடங்கியது. ஆசியச் சிங்கங்களைக் காப்பகத்தில் இனப்பெருக்கம் செய்வதில் நாட்டிலேயே மூத்த இடம் இதுதான். பல ஊர் பூங்காக்களுக்குச் சிங்கங்கள் இங்கிருந்து போயிருக்கின்றன. கூண்டுச் சிங்கத்தை நான் அதிக நேரம் பார்க்கவில்லை. 2021 ஜூனில் வண்டலூரில் கரோனா தொற்றிய சிங்கங்களில் இரண்டு இறந்த செய்தி நினைவுக்கு வந்தது. ஓரிடத்தில் அடைந்து கிடக்கும் விலங்குகளிடையே நோய் புகுந்தால் என்ன ஆகும் என்பதற்கு அது ஒரு சின்ன எடுத்துக்காட்டு. பெரிய எடுத்துக்காட்டு கிர் காட்டிலேயே உண்டு. தாரிக்குப் போகும்போது அதை எழுதுகிறேன்.

நவாபுகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒரு காலத்தில் மேற்காசியாவிலிருந்து பீகார் வரை திரிந்த சிங்கம், 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் இந்தியாவில் இந்த ஒரு காட்டுக்குள் ஒடுங்கிவிட்டது. வெள்ளைக்காரத் துரைகளும் சமஸ்தானத்து ராஜாக்களும் போட்டி போட்டுச் சுட்டதுதான் முக்கியக் காரணம். ஜூனாகத் நவாபுகள் தங்கள் எல்லைக்குள் சிங்க வேட்டையைக் கட்டுப்படுத்தினார்கள். 1900இல் வேட்டைக்கு அழைக்கப்பட்டு வந்த வைசிராய் கர்சன், நிலைமையைக் கேள்விப்பட்டுச் சுடாமல் திரும்பியதும், காப்பாற்றும்படி நவாபுக்குச் சொன்னதும் பதிவாகியிருக்கின்றன. அன்று மிஞ்சியவை வெறும் ஒரு டஜன்தான் என்று ஒரு கணக்கு புழங்குகிறது. வேட்டைக்கு வருகிறவர்களைத் தவிர்க்க சமஸ்தானம் வேண்டுமென்றே குறைத்துச் சொன்னது அது என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. விருந்தாளியை முகம் கோணாமல் திருப்பி அனுப்ப நல்ல வழி.

சனிக்கிழமை, சாசன் கிர்

மேந்தர்டா வழியாகச் சாசனுக்குப் பஸ். வழியெல்லாம் கதிர் முற்றிய கோதுமை, அதை விட்டால் பூத்து நிற்கும் மாந்தோப்பு. காடு திடீரென்று தொடங்கிவிடுகிறது. மார்ச்சில் தேக்கு இலையை உதிர்த்துவிட்டு நிற்கும். இலை விழுந்த காட்டில் பார்வை தூரம் போகும் என்பதால், சிங்கம் பார்க்க இதுவும் வெயில் ஏறும் அடுத்த மாதங்களும் தோதான காலம் என்கிறார்கள். சாம்பல் நிற மரங்களுக்கு நடுவே புரசு மட்டும் நெருப்பாகப் பூத்திருந்தது.

சாசன் சின்ன ஊர். ஒரு கடைத்தெரு, ஒரு ரயில் நிலையம், எண்ண முடியாத அளவுக்கு விடுதிகள். குறுகிய மீட்டர் கேஜ் பாதையில் இன்னும் ரயில் ஓடுகிறது. வனத்துறையின் சிங் சதன் வளாகத்தில்தான் பர்மிட் சரிபார்ப்பு நடக்கும். இணையத்தில் முன்பே எடுத்த பர்மிட்டில் எல்லோருடைய பெயரும் அடையாள அட்டை எண்ணும் இருக்கும். அசல் அட்டையைக் காட்டினால்தான் உள்ளே விடுவார்கள். எந்தப் பாதையில் போவது என்பது நம் விருப்பமல்ல. வழிகாட்டியும் முறைப்படி ஒதுக்கப்படுகிறார். "எங்களுக்கு நல்ல ரூட் கொடுங்கள் பாய்" என்று மாமா குழைந்து பார்த்தார். கவுன்டரில் இருந்தவர் சிரித்துக்கொண்டே அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

காட்டின் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். சரணாலயமாக அறிவிக்கப்பட்டது 1965இல். நடுப்பகுதி தேசியப் பூங்காவானது 1975இல். இரண்டும் சேர்ந்து சுமார் 1412 சதுர கிலோமீட்டர். அதில் தேசியப் பூங்கா சுமார் 258. ஜீப் சுற்றுவது சாசனை ஒட்டிய ஒரு துண்டில் மட்டும். காட்டின் இதயப் பகுதிக்குப் பயணிகள் போக முடியாது. அது அப்படியே இருக்கட்டும்.

சாயங்கால சுற்றில் சிங்கம் இல்லை. எங்கள் வழிகாட்டி அதற்காகக் கூனிக் குறுகவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்காமலேயே புழுதியைக் காட்டினார். ஒரு பெரிய தடம், நகம் பதியாமல் அகன்று விழுந்திருந்தது. அதன் மேல் குறுக்காக ஒரு மயில் நடந்து போயிருந்தது. "இது காலையில் போனது. மயில் மத்தியானம் போயிருக்கிறது" என்றார். தடத்தின் விளிம்பு இன்னும் உதிராமல் இருந்தால் புதியது, காற்று அரித்து மழுங்கியிருந்தால் பழையது. மாமா மொழிபெயர்த்துக்கொண்டிருந்தபோதே அவர் கையை உயர்த்தி அமைதியாக இருக்கச் சொன்னார். தூரத்தில் ஒரு புள்ளிமான் கூர்மையாகக் கத்தியது. மரத்தின் மேலிருந்த மந்தி ஒன்று எழுந்து உட்கார்ந்து அந்தப் பக்கம் பார்த்தது. கால் மணி நேரம் காத்திருந்தும் ஒன்றும் வரவில்லை. சிறுத்தையாக இருக்கலாம் என்றார்.

ஹிரண் ஆற்றின் கமலேஷ்வர் அணையில் முதலைகள் வாயைத் திறந்துவைத்துக் கரையில் கிடந்தன. கடமானும் நீலானும் தண்ணீருக்கு வந்துகொண்டிருந்தன. சிங்கம் ஒன்றே குறி என்று வருகிறவர்கள் இதையெல்லாம் கண்ணெடுத்தும் பார்ப்பதில்லை. எங்களுக்குப் பின்னால் வந்த ஜீப்பில் ஒருவர் மான் கூட்டத்தைப் பார்த்து, "இதற்கா இவ்வளவு பணம்?" என்று ஓட்டுநரைக் கேட்டுக்கொண்டிருந்தார். கிர் காட்டில் மான் பெருகியதுதான் சிங்கம் பெருகியதன் அடிப்படை. 1970களின் தொடக்கத்தில் நடந்த ஆய்வில், இங்குள்ள சிங்கங்களின் உணவில் பெரும் பங்கு மேய்ச்சல் மாடுகளாக இருந்தது தெரிந்தது. காடு மாடுகளால் மொட்டையடிக்கப்பட்டு, மானுக்குப் புல் இல்லாத காலம் அது. 1972இல் தொடங்கிய திட்டத்தில் மால்தாரி என்னும் மேய்ப்பர் குடும்பங்களில் பலவற்றைக் காட்டுக்கு வெளியே குடியேற்றினார்கள். புல் திரும்பியது, மான் திரும்பியது, சிங்கத்தின் உணவும் மாறியது. வெளியேற்றப்பட்டவர்களுக்கு என்ன திரும்பியது என்பது வேறு கதை.

இரவு விடுதிக்கு வந்ததும் ஓர் இளைஞர் மாமாவைத் தனியே அழைத்துப் பேசினார். ஊருக்கு வெளியே ஒரு தோட்டத்தில், பர்மிட் எதுவும் இல்லாமல், நிச்சயமாகச் சிங்கத்தைக் காட்டுவாராம். தொகை மட்டும் கொஞ்சம் அதிகம். நிச்சயம் என்று எப்படிச் சொல்ல முடிகிறது? ஒரு கன்றைக் கட்டிவைத்து வரவழைப்பதால். சட்டத்தின் பார்வையில் இரை வைத்து அழைப்பதும் வேட்டைதான். இதற்காகச் சிறைக்குப் போனவர்களும் உண்டு. மாமா அவரிடம் குஜராத்தியில் என்ன சொன்னார் என்று தெரியவில்லை. ஆனால் அந்த இளைஞர் வேகமாகப் படியிறங்கிப் போனார். இதை எழுதக் காரணம், வருகிறவர்கள் ஆசைப்பட்டுக் காசு கொடுப்பதால்தான் இந்தத் தொழில் நடக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை, சாசன் கிர்

விடியற்காலைச் சுற்று. குளிர் காதை அறுத்தது. மார்ச்சுதானே என்று ஸ்வெட்டர் இல்லாமல் வந்த எல்லோரும் ஜீப்பில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்கள்.

உள்ளே போய் ஒரு மணி நேரம் இருக்கும். வழிகாட்டி எதையும் காட்டவில்லை, ஓட்டுநர்தான் வண்டியை நிறுத்தினார். பாதையோரத்தில் காக்கி உடையில் ஒருவர் நின்றிருந்தார். கையில் ஒரு கம்பு, தோளில் வயர்லெஸ். வனத்துறையின் தடம் பார்ப்பவர். யாரோ பஸ்ஸுக்குக் காத்திருப்பது போல நின்றவரின் பார்வை எங்கள் மேல் இல்லாததால், அவர் பார்க்கும் திசையில் நாங்களும் பார்த்தோம். பதினைந்து அடி தள்ளி, இலந்தைப் புதருக்குக் கீழே சருகின் நிறத்தில் ஒரு மேடு. அந்த மேடு மூச்சு விட்டது.

வளர்ந்த ஆண் சிங்கம். புகைப்படங்களில் பார்த்த ஆப்பிரிக்கச் சிங்கத்தின் பிடரி இதற்கு இல்லை. தலை உச்சியில் மயிர் குறைவு என்பதால் இரண்டு காதுகளும் முழுதாகத் தெரிந்தன. இடது காதின் நுனி கிழிந்திருந்தது. கழுத்துக்குக் கீழே பிடரி கறுத்து, முழங்கை மடிப்பில் ஒரு கொத்து மயிராக முடிந்தது. கண்ணோரத்தில் ஈக்கள். அவற்றை ஓட்டக்கூட அதற்கு மனமில்லை. மூக்கின் மேல் பழைய கீறல்கள், ஒன்றின் மேல் ஒன்றாக. மீசை முளைக்கும் இடத்துப் புள்ளிகள் ஒவ்வொரு சிங்கத்துக்கும் வேறு மாதிரி இருக்கும் என்றும், அதை வைத்தே ஆளை அடையாளம் காண்கிறார்கள் என்றும் வழிகாட்டி கிசுகிசுத்தார்.

பிறகு அது எழுந்தது. முதலில் முன்னங்கால்களை நீட்டி, முதுகை வளைத்து, வாயைப் பிளந்து ஒரு கொட்டாவி. நிற்கும்போதுதான் அடிவயிற்றில் நெடுகத் தொங்கிய தோல் மடிப்பு தெரிந்தது. ஆசியச் சிங்கங்களுக்குப் பெரும்பாலும் இருக்கும் அடையாளம் அது; நடக்கும்போது இடமும் வலமுமாக ஆடியது. தடம் பார்ப்பவர் இரண்டு எட்டு பின்னால் போனார், அவ்வளவுதான். கம்பைக்கூட உயர்த்தவில்லை. சிங்கம் அவரைக் கடந்து, ஒரு தேக்கு மரத்தடியில் வாலைத் தூக்கிச் சிறுநீரைப் பீய்ச்சி எல்லைக் குறி வைத்துவிட்டு, எங்கள் ஜீப்பின் முன்னால் பாதையின் நடுவே நின்றது.

அங்கே நின்று அது குரல் கொடுத்தது. சினிமாவில் கேட்பது போலத் தொடங்கவில்லை. அடித்தொண்டையிலிருந்து ஒரு முனகல், அதைவிடப் பெரிதாக இன்னொன்று, பிறகு வயிறு உள்ளே ஒட்ட ஒட்ட வந்த முழக்கங்கள், கடைசியில் வேகம் குறைந்து உறுமல்களாக அடங்கியது. ஜீப்பின் தகரம் என் முழங்கையின் கீழ் அதிர்ந்தது. மாமா என் கையைப் பிடித்திருந்ததைப் பிறகுதான் கவனித்தேன். எங்கோ ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் குரல் வந்தது.

"தம்பிக்காரன்" என்றார் தடம் பார்ப்பவர். இவை இரண்டும் சேர்ந்து திரிகிறவை. கிர் காட்டில் ஆண்கள் இப்படி இரண்டு மூன்று பேராகக் கூட்டு சேர்ந்து எல்லையைக் காக்கும். பெண் சிங்கங்கள் குட்டிகளோடு தனிக் கூட்டம். இனச்சேர்க்கைக்கோ பெரிய இரைக்கோ தவிர இரண்டு தரப்பும் அதிகம் சேர்வதில்லை. பயமாக இல்லையா என்று மாமாவை விட்டுக் கேட்கச் சொன்னேன். "காதைப் பின்னுக்கு மடித்து வாலை நேராகத் தூக்கினால் பயப்படுவேன். குட்டி வைத்திருக்கும் தாயிடம் பயப்படுவேன். இவன் வழி கேட்கிறான், விட்டால் போய்விடுவான்" என்றார்.

இதற்குள் பின்னால் ஏழெட்டு ஜீப்புகள் வரிசை கட்டிவிட்டன. செல்பேசிகள் உயர்ந்தன, யாரோ விசிலடித்தார்கள், வழிகாட்டிகள் அதட்டினார்கள். ஒவ்வொரு வண்டிக்கும் சில நிமிடங்கள்தான். சிங்கம் எங்கள் எல்லோரையும் ஒரு பொருட்டாக மதிக்காமல் புதருக்குள் நுழைந்தது. விசிலடித்தவருக்கு அது முதுகைத்தான் காட்டியது என்பதில் எனக்கு அற்ப சந்தோஷம்.

மாமல்லபுரத்தில் ராஜசிம்மன் காலத்துத் தூண்களின் அடியில் உட்கார்ந்திருக்கும் சிங்கங்களுக்குப் பிடரி சுருள் சுருளாக, முகத்தைச் சுற்றி அடைத்துக்கொண்டு நிற்கும். நர்மதைக்குத் தெற்கே சிங்கம் வாழ்ந்ததற்குச் சான்று கிடையாது. அந்தச் சிற்பிகள் கேள்விப்பட்டும் பிற சிற்பங்களைப் பார்த்தும்தான் செதுக்கியிருக்க வேண்டும். நேரில் பார்த்திருந்தால் அந்தக் காதுகளை விட்டிருக்கமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் தேவலியா. சாசனிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். சுமார் 412 ஹெக்டேர் நிலத்தைச் சுற்றி வேலி போட்டு, கம்பி வலை பூட்டிய பஸ்ஸிலும் ஜீப்பிலும் கூட்டிப் போகிறார்கள். சிங்கம் தெரிந்துவிடும். வயதானவர்களோடும் குழந்தைகளோடும் வருகிறவர்களுக்கு வசதி. காலையில் பார்த்ததற்குப் பிறகு எனக்கு அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

திங்கட்கிழமை, தலாலா, ஜம்பூர்

காட்டுக்கு வெளியே ஒரு நாள். சொல்லப்போனால் இன்றைக்குத்தான் சரணாலயத்தைப் புரிந்துகொண்டேன்.

2025 மே மாதக் கணக்கெடுப்பில் குஜராத்தில் 891 சிங்கங்கள். 2020இல் 674, 2015இல் 523. 1968இல் வெறும் 177. உலகில் வேறெங்கும் காட்டில் இல்லாத ஓர் இனம் இப்படி மீண்டது பெரிய காரியம், அதைக் குறைத்துச் சொல்பவன் நானல்ல. ஆனால் காட்டின் பரப்பு அதே 1412தான். பாதிக்கும் மேற்பட்ட சிங்கங்கள் இப்போது சரணாலயத்துக்கு வெளியே, 11 மாவட்டங்களில் வயல், தோப்பு, ஆற்றோரப் புதர், கடற்கரைச் சவுக்கு என்று வாழ்கின்றன. சாசனில் டிக்கெட் வாங்கிப் பார்ப்பது அவற்றின் பழைய வீட்டை மட்டும்.

தலாலா கேசர் மாம்பழத்துக்குப் பேர்போன ஊர். கிர் கேசர் என்று 2011இல் புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறது. ஒரு தோப்புக்காரர் மாமாவின் பழைய வங்கி நண்பருக்கு உறவு. எங்களைச் சொட்டுநீர்க் குழாய்களுக்கிடையே நடத்திக்கொண்டு போய், ஒரு மாமரத்தடியில் அழுந்திக் கிடந்த புல்லைக் காட்டினார். சித்திரை வெயிலில் சிங்கம் வந்து படுப்பது இங்கேதான். ஈரமும் நிழலும் இருக்கிறது. ஆத்திரமாக இல்லையா என்று கேட்டால், "நீலானும் பன்றியும் ஒரே ராத்திரியில் வயலை மேய்ந்து முடித்துவிடும். சாவஜ் இருக்கும் பக்கம் அவை வருவதில்லை. சம்பளம் இல்லாத காவல்" என்கிறார். இங்கே எல்லோரும் சிங்கத்தை சாவஜ் என்றே சொல்கிறார்கள். ஆனால் இரவில் மோட்டார் போடக் கூலியாள் வர மறுக்கிறார் என்பதையும் மறைக்கவில்லை. அவருக்குக் கூடுதல் பயம் சிறுத்தையிடம். திறந்தவெளியில் படுத்துறங்கும் கூலிக் குடும்பங்களுக்கு அந்த பயம் இன்னும் அதிகம்.

தோப்பின் மூலையில் ஒரு கிணறு, இடுப்பளவு கைப்பிடிச் சுவரோடு. இப்பகுதியில் தரைமட்டக் கிணறுகளில் சிங்கங்கள் விழுந்து சாவது வழக்கமாக இருந்தது. வனத்துறையும் தொண்டு அமைப்புகளும் சேர்ந்து ஆயிரக்கணக்கான கிணறுகளுக்குச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். எந்த விளம்பரப் பலகையிலும் படமாக வராத வேலை. என் கணக்கில் ஜீப் சுற்றுலாவைவிடப் பல மடங்கு உருப்படியானது.

தலாலா சாலை டீக்கடையில் ஒரு மால்தாரிப் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்தார். வெள்ளைத் தலைப்பாகை, இடுப்போடு இறுகிய மடிப்புச் சட்டை. டீயைச் சாசரில் ஊற்றி உறிஞ்சிக் குடித்தார். இங்கே அப்படித்தான் குடிக்கிறார்கள், மாமாவும் உடனே மாறிக்கொண்டார். காட்டுக்குள் நேஸ் எனப்படும் குடியிருப்பில் பிறந்து, அப்பா காலத்தில் வெளியே குடியேற்றப்பட்டவர். எருமைகளை முள்வேலிக்குள் அடைத்து இரவு முழுக்க விழித்திருந்ததைச் சொன்னார்.

"சாவஜ் எருமையை அடித்தால் கோபம் வராதா, காகா?" என்று மாமா கேட்டார்.

"வராமலா இருக்கும்? கறக்கிற எருமை. ஆனால் அவன் திருடன் இல்லை, அவன் சாப்பாடு அது. பணம் கொடுப்பதாகச் சொல்லி அலையவிடுகிறவன் மேல்தான் கோபம்."

இழப்பீடு உண்டு, ஆனால் நல்ல ஜாஃப்ராபாதி எருமையின் சந்தை விலைக்கு அது எட்டாது என்பது அவர் முறையீடு. மால்தாரிகளின் பொறுமையைப் பக்தி என்று மட்டும் எழுதிவிட்டுப் போகிறவர்கள் இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

மாலையில் ஜம்பூர். சித்தி என்னும் சமூகத்தாரின் ஊர். நூற்றாண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து மாலுமிகளாகவும் சிப்பாய்களாகவும் அடிமைகளாகவும் வந்தவர்களின் வழித்தோன்றல்கள்; பேசுவது சுத்தமான குஜராத்தி. நகார்ச்சி பீர் தர்கா இங்கேதான் இருக்கிறது. விடுதிகளில் பயணிகளுக்காக ஆடும் தமால் நடனத்தை அங்கே பார்ப்பதைவிட, தர்கா வாசலில் சிறுவர்கள் முழவைத் தட்டிப் பழகியதை நின்று கேட்டது எனக்குப் பிடித்தது. எங்கள் வழிகாட்டியும் இந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர்தான். ஓட்டுப் போட ஒரே ஒருவர் இருக்கும் பானேஜ் வாக்குச்சாவடி காட்டுக்குள் இருப்பதையும், கோயில் பூசாரியான அவருக்காகத் தேர்தல் அலுவலர்கள் முழுக் குழுவாகப் போவதையும் வழிகாட்டிதான் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை, தாரி

கிர் காட்டின் கிழக்குப் பக்கம், அம்ரேலி மாவட்டம். சாசனின் ஜீப் நெரிசல் இங்கே இல்லை. நிலம் வறண்டு, பருத்திக் குச்சிகள் வெட்டி அடுக்கப்பட்டிருந்தன.

இங்கே வந்ததற்குக் காரணம் தல்கானியா. 2018 செப்டம்பரில், அந்த வனச்சரகத்தில் சில வாரங்களுக்குள் 23 சிங்கங்கள் செத்தன. முதலில் தங்களுக்குள் சண்டை என்றுகூடச் சொல்லப்பட்டது. பரிசோதனையில் கெனைன் டிஸ்டெம்பர் என்னும் வைரஸ் சிக்கியது. நாய்களுக்கு வரும் நோய். ஊரை ஒட்டித் திரியும் தெரு நாயும் சிங்கமும் ஒரே செத்த மாட்டைத் தின்றாலே போதும். 1994இல் தான்சானியாவின் செரங்கெட்டியில் இதே வைரஸ் சுமார் ஆயிரம் சிங்கங்களைக் கொன்றது. அங்கே எஞ்சியவை பெருகி மீண்டன, ஏனென்றால் எண்ணிக்கை பெரிது. இங்கே சுற்றுவட்டாரச் சிங்கங்களைப் பிடித்துத் தனிமைப்படுத்தி, அமெரிக்காவிலிருந்து தடுப்பூசி வரவழைத்துப் போட்டார்கள். நோய் அடங்கியது. எல்லாச் சிங்கங்களும் ஒரு சிறு கூட்டத்தின் வாரிசுகள் என்பதால் மரபணு வேறுபாடு மிகக் குறைவு. ஒன்றைத் தாக்கும் நோய்க்கு மற்றதும் இலகுவில் இரையாகும்.

கடைசி நவாப் மகாபத் கானுக்கு நூற்றுக்கணக்கான நாய்கள் இருந்தன என்பது இந்தப் பக்கத்தில் எல்லோரும் சொல்லும் கதை. சிங்கத்தைக் காப்பாற்றிய வம்சத்தின் செல்லப்பிராணியிடமிருந்தே சிங்கத்துக்கு ஆபத்து வரும் என்று அவர் நினைத்திருக்கமாட்டார்.

வேறொரு மாநிலத்தில் இரண்டாவது வீடு வேண்டும் என்பது இதனால்தான். மத்தியப் பிரதேசத்தின் குனோ அதற்காகவே தயாரானது. சிங்கங்களுக்கு இடம் விட 24 கிராமங்களைக் காலி செய்தார்கள். 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், ஆறு மாதத்துக்குள் இடமாற்றம் செய்யச் சொல்லித் தீர்ப்பு வழங்கியது. ஒரு சிங்கம்கூடப் போகவில்லை. 2022 செப்டம்பரில் அங்கே வந்திறங்கியவை நமீபியாவின் சிவிங்கிப்புலிகள்.

இதில் எனக்கும் மாமாவுக்கும் தாரி பஸ் நிலையத்தில் ஒரு மணி நேரச் சண்டை. மாமா குஜராத்தின் உப்பைத் தின்றவர்.

"இவ்வளவு பாடுபட்டு வளர்த்தது இந்த மக்கள். கொண்டு போய் அங்கே சுட்டுத் தள்ளினால் யார் பொறுப்பு?"

"இங்கே மட்டும் சுடவில்லையா மாமா? 2007இல் கிர் பக்கத்திலேயே கும்பல் புகுந்து சிங்கங்களைக் கொன்றது."

"பிடித்து உள்ளே தள்ளினார்கள் அல்லவா? அதுதான் வித்தியாசம்."

போர்பந்தர் பக்கத்துப் பர்தா காட்டைத்தான் இரண்டாவது வீடாகக் காட்டுகிறார் மாமா. 1879க்குப் பிறகு சிங்கமே இல்லாமல் இருந்த அந்தக் காட்டுக்கு 2023 ஜனவரியில் ஓர் ஆண் சிங்கம் தானாக நடந்து வந்தது. 2025 கணக்கில் அங்கே 17. நல்ல செய்திதான். ஆனால் பர்தா சுமார் 192 சதுர கிலோமீட்டர். அதுவும் இதே சௌராஷ்டிரத்தில், இதே நாய்களும் இதே மாடுகளும் நடமாடும் நிலத்தில். வைரஸுக்குப் பர்மிட் தேவையில்லை. சிங்கம் ஒரு மாநிலத்தின் பெருமை என்று பேசத் தொடங்கிய நாளிலிருந்து, அதன் பாதுகாப்பு இரண்டாம் பட்சமாகிவிட்டது என்பது என் கருத்து. மாமா இதை ஒப்புக்கொள்ளவில்லை. குனோவுக்குப் பதில் பர்தாவுக்கு என்னை அழைத்துப் போய்க் காட்டினால் வாயடைத்துப் போவேன் என்கிறார்.

போக நினைப்பவர்களுக்குச் சில தகவல்கள். காடு ஜூன் 16 முதல் அக்டோபர் 15 வரை மூடியிருக்கும். தேவலியா புதன்கிழமை விடுமுறை. சனி, ஞாயிறு பர்மிட்டுகள் முன்கூட்டியே தீர்ந்துவிடும், வார நாட்களில் கட்டணமும் குறைவு. அரசு இணையதளத்தைத் தவிர வேறெங்கும் பர்மிட் வாங்க வேண்டாம். விடியற்காலைச் சுற்றையே எடுங்கள், ஸ்வெட்டர் இருக்கட்டும்.